நம் எம்.பி. யார்? பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு பாடம்



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாரந்தோறும் மனுக்கள் வருகின்றன. மருத்துவ உதவி, படிப்புச் செலவு, விதவைத் தாய்மாருக்கு மாதாந்திர உதவி என்று வருபவை நம் வேலை. அல்ஹம்துலில்லாஹ், இயன்றதைச் செய்கிறோம். ஆனால் அவற்றோடு வேறு சில மனுக்களும் வருகின்றன. பாஸ்போர்ட் தாமதமாகிறது, உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறவில்லை, தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்கிறார்கள். "இது யாருடைய பொறுப்பு என்று விசாரித்தீர்களா?" என்று கேட்டால், பட்டம் படித்த இளைஞர்கூட விழிக்கிறார். பிறகு ஒரு புரோக்கரைப் பிடித்து, இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். சில வீடுகளில் அந்தப் பணமும் கடன் வாங்கியதாக இருக்கிறது.

உரிமையாக வர வேண்டியதை உதவியாகக் கேட்டு நிற்கும் இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. யாரிடம் எதைக் கேட்பது என்று சிறு வயதில் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மத்திய அரசு, நாடாளுமன்றம் பற்றிய விரிவான பாடம் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. அப்போது பிள்ளைக்கு 15 வயது. அதற்குள் நாடாளுமன்றத்தைப் பற்றி அவன் வாட்ஸ்அப்பில் பார்த்ததெல்லாம் கூச்சலும் ஏச்சும்தான். அந்தப் படம் மனதில் பதிவதற்கு முன்பே சரியான பாடத்தை நாம் கொடுத்துவிட வேண்டும். ஐந்து வயதிலிருந்தே கொடுக்கலாம். அதற்கான வழியைத்தான் இந்த இதழில் எழுதியிருக்கிறோம்.

நம் தீனில் பிரதிநிதி

"இதெல்லாம் துன்யா விஷயம், பிள்ளைக்கு ஏன்?" என்று சிலர் நினைக்கலாம். ஸீராவைப் புரட்டிப் பாருங்கள். ஹிஜ்ரத்துக்கு முன், இரண்டாம் அகபா உடன்படிக்கையின்போது மதீனாவிலிருந்து 73 ஆண்களும் 2 பெண்களும் வந்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த மக்களிடமே, உங்களுக்குள்ளிருந்து 12 பேரைத் தேர்ந்தெடுத்துத் தாருங்கள், உங்கள் கூட்டத்தாருக்கு அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். கஸ்ரஜ் கோத்திரத்திலிருந்து 9 பேரும், அவ்ஸ் கோத்திரத்திலிருந்து 3 பேரும் தேர்வானார்கள். அவர்களுக்கு 'நகீப்' என்று பெயர்.

இன்னொரு சம்பவம் புகாரி ஷரீஃபில் வருகிறது. ஹுனைன் போருக்குப் பின் ஹவாஸின் கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்று வந்து, சிறைப்பட்ட தங்கள் குடும்பத்தாரைத் திருப்பிக் கேட்டார்கள். விட்டுக்கொடுக்க விருப்பமா என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கேட்க, கூட்டம் மொத்தமாகச் சம்மதம் சொன்னது. ஆனாலும் அந்த மொத்தக் குரலை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. உங்களில் யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்பது இதில் தெரியவில்லை. திரும்பிப் போங்கள், உங்கள் பொறுப்பாளர்கள் உங்களிடம் கேட்டு வந்து சொல்லட்டும் என்றார்கள். பொறுப்பாளர்கள் போய்ப் பேசி, மக்களின் சம்மதத்தைக் கொண்டுவந்தார்கள்.

மக்களிடம் கேட்பது, கேட்டதைக் கொண்டுபோய்ச் சொல்வது: ஒரு பிரதிநிதியின் வேலை முழுவதும் இதற்குள் வந்துவிடுகிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி ஸூரத்துந் நிஸாவின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பிரதிநிதியின் பதவி ஓர் அமானிதம். அவரைத் தேர்ந்தெடுக்கும் நம் வாக்கும் ஓர் அமானிதம். பிள்ளைக்கு இந்த ஒரு சொல் புரிந்துவிட்டால் மீதிப் பாடம் எளிதாகிவிடும்.

முதல் பாடம்: 5 முதல் 7 வயது வரை

இந்த வயதில் டெல்லி வேண்டாம், எண்கள் வேண்டாம், கட்சி அறவே வேண்டாம். ஒருவர் பலருக்காகப் பேசுவது என்றால் என்ன என்பது மட்டும் போதும்.

வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர் என்றால் இப்படிச் செய்யுங்கள். "வெள்ளிக்கிழமை மதியம் என்ன சமைக்கலாம்? நீங்கள் மூவரும் பேசி முடிவெடுங்கள். ஒருவர் மட்டும் சமையலறைக்கு வந்து உம்மாவிடம் சொல்லுங்கள்." வந்த பிள்ளை தனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், மற்ற இருவரும் கட்டாயம் சண்டைக்கு வருவார்கள். அப்போது உம்மா சொல்ல வேண்டியது: "உன்னை அனுப்பியது அவர்களுக்காகவும் பேசத்தானே? அவர்கள் சொன்னதையும் சொல். பிறகு நான் என்ன பதில் சொன்னேன் என்று அவர்களிடம் போய்ச் சொல்." இதை நாலைந்து வாரம், ஆளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிரதிநிதி என்ற சொல்லைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அதன்பின் ஒரு கேள்வி. "நம் நாட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே அறைக்குள் உட்கார்ந்து பேச முடியுமா?" பிள்ளை சிரிக்கும். "அதனால்தான் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை நாம் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். அவர்தான் நம் எம்.பி., நாடாளுமன்ற உறுப்பினர்." இந்த வயதுக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் பாடம்: 8 முதல் 10 வயது வரை

இந்த வயதில் பிள்ளைக்குக் கணக்கும் வரைபடமும் பிடிக்கும். நம் இராமநாதபுரம் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. நமக்கு அவை இராமநாதபுரம், முதுகுளத்தூர், பரமக்குடி, திருவாடானை, அறந்தாங்கி, திருச்சுழி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. திருச்சுழி விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் வேறு, தொகுதி வேறு என்பதைப் பிள்ளை இதை வைத்தே புரிந்துகொள்ளும். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு ஊர்ப் பெயர்களை எழுதி, கீழக்கரை எந்தக் கட்டம், தொண்டி எந்தக் கட்டம், மாமி வீடு எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

அடுத்து கணக்கு. தமிழ்நாட்டில் 39 நாடாளுமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்றால் மொத்தம் எத்தனை? பிள்ளையே பெருக்கி 234 என்று சொல்லட்டும். சென்னைச் சட்டமன்றத்தில் இருக்கும் எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையும் அதுவே. நாடு முழுவதும் சேர்த்து மக்களவைக்கு 543 பேர். அதில் நம் மாநிலத்தின் குரல் 39.

மாநிலங்களவை என்ற இன்னோர் அவையும் உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். அவர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, நம் எம்.எல்.ஏ.க்கள் வாக்களித்து அனுப்புகிறார்கள். மக்களவைக்குப் பதவிக்காலம் 5 ஆண்டு, மாநிலங்களவை உறுப்பினருக்கு 6 ஆண்டு. மக்களவையில் பச்சைக் கம்பளம், மாநிலங்களவையில் சிவப்புக் கம்பளம். தொலைக்காட்சியில் பார்க்கும்போது கம்பளத்தின் நிறத்தை வைத்தே எந்த அவை என்று பிள்ளை சொல்லிவிடும்.

நம் எம்.பி.யின் பெயரை இங்கே நாங்கள் அச்சிடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். பிள்ளை வாப்பாவிடம் கேட்கட்டும். வாப்பாவுக்குத் தெரியாவிட்டால் இருவருமாகச் சேர்ந்து தேடட்டும். தேடிக் கண்டுபிடித்த பெயர் மறக்காது.

மூன்றாம் பாடம்: எந்த வேலை யாருடையது?

இது எல்லா வயதினருக்கும் உரியது, பெரியவர்களையும் சேர்த்து. தரையில் மூன்று தட்டுகளை வையுங்கள். ஒன்று உள்ளாட்சி, ஒன்று மாநில அரசு, ஒன்று மத்திய அரசு. சின்னச் சின்னச் சீட்டுகளில் வேலைகளை எழுதிக் குலுக்குங்கள். பிள்ளை எடுத்து உரிய தட்டில் போட வேண்டும்.

தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, குடிநீர்க் குழாய் உள்ளாட்சித் தட்டுக்குப் போகும். இவற்றுக்கு வார்டு கவுன்சிலரையோ ஊராட்சித் தலைவரையோ பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, ரேஷன் கடை, அரசுப் பேருந்து, காவல் நிலையம் மாநிலத் தட்டு. இவற்றுக்கு எம்.எல்.ஏ. ரயில், தபால், பாஸ்போர்ட், ஆதார், தேசிய நெடுஞ்சாலை, விமான நிலையம், வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் தட்டு. இவற்றைக் கேட்க வேண்டியவர் எம்.பி.

நம் ஊர் உதாரணங்களையே சொல்லுங்கள். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. ரயில் என்பதால் இது மத்திய அரசின் தட்டு. கடலுக்குப் போன மீனவர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், இன்னொரு நாட்டோடு பேச வேண்டியது டெல்லி. அதுவும் மத்திய அரசின் தட்டு. ஹஜ் பயணமும் அதில்தான். 2022இல் நம் ஹாஜிகள் கொச்சிக்குப் போய் விமானம் ஏறியது பிள்ளைகளின் நன்னா, நன்னிக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து தொடர்ந்து கோரிக்கை வைத்த பிறகு 2023இல் சென்னையிலிருந்தே விமானம் புறப்பட்டது. 2002ஆம் ஆண்டின் ஹஜ் கமிட்டிச் சட்டப்படி, இந்திய ஹஜ் கமிட்டியில் மூன்று எம்.பி.க்களும் உறுப்பினர்கள்.

எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை. எந்த வேலை தேவை என்று அவர் பரிந்துரைப்பார். ஒப்புதல் கொடுத்துச் செய்து முடிப்பது மாவட்ட நிர்வாகம். வழிபாட்டுத் தலங்களுக்குள் வேலை செய்ய இந்த நிதியைப் பயன்படுத்த விதியில் இடமில்லை. ஆகவே பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர் கேட்டு அவரிடம் போய், கிடைக்கவில்லை என்று மனம் வருந்துவதில் பயனில்லை. எல்லோருக்கும் பயன்படும் பள்ளி வகுப்பறை, நூலகம், குடிநீர் வசதி என்று கேட்கலாம்.

நான்காம் பாடம்: 11 வயதுக்கு மேல்

இப்போது பிள்ளை அவைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளும். அங்கே எம்.பி.க்கு முக்கியமான மூன்று வேலைகள்: கேள்வி கேட்பது, சட்டத்தைப் பற்றிப் பேசுவது, வாக்களிப்பது.

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20 வரை பட்டியலில் இருக்கும். அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியிடாத கேள்விகள் 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில். கேள்வியும் பதிலும் மக்களவையின் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். நம் எம்.பி. என்ன கேட்டார் என்று பிள்ளையை உட்கார வைத்துத் தேடிப் பாருங்கள். தமிழிலும் அங்கே பேசலாம். மொழிபெயர்ப்பு வசதி உண்டு.

இது நம் வீட்டைத் தொடும் விஷயமா? தொடும். மத்திய அரசு சிறுபான்மை மாணவர்களுக்கு வழங்கிவந்த ப்ரீ-மெட்ரிக் கல்வி உதவித்தொகை, 2022-23 முதல் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நிறுத்தப்பட்டது. 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டுமே என்று அப்போது சுருக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டப்படி 8ஆம் வகுப்பு வரை இலவசக் கல்வி இருக்கிறதே என்பது அரசு சொன்ன காரணம். அந்தக் காரணம் சரியா, நோட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவை யார் தருவது என்று கேட்கும் இடம் நாடாளுமன்றம். நம்மிடமிருந்து விவரம் போனால்தான் நம் எம்.பி. அதை அங்கே வலுவாகக் கேட்க முடியும்.

வாக்களிப்பதற்கு ஓர் உதாரணம். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா வந்தபோது, பெரியவர்கள் இரவு முழுக்க விழித்துச் செய்தி பார்த்ததைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். மக்களவையில் ஆதரவாக 288, எதிராக 232. மாநிலங்களவையில் ஆதரவாக 128, எதிராக 95. மசோதா நிறைவேறிச் சட்டமானது. பிள்ளையிடம் இந்த எண்களைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தொகுதி மக்கள் ஒரு நாள் வரிசையில் நின்று போட்ட வாக்கு இருக்கிறது என்று விளக்குங்கள். சட்டம் அல்லாஹ்வின் வீட்டு வக்ஃப் நிலத்தையும் தொடுகிறது. அந்தச் சட்டத்தை எழுதும் இடத்துக்கு ஆளை அனுப்புவது நாம்தான்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

"நம் எம்.பி. முஸ்லிமா?" பல வீடுகளில் முதல் கேள்வி இதுதான். பதில் இப்படி இருக்கட்டும்: "முஸ்லிமாகவும் இருக்கலாம், வேறு மதத்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் தொகுதியில் உள்ள எல்லோருக்கும் அவர்தான் எம்.பி.; அவருக்கு ஓட்டுப் போடாதவருக்கும் அவர்தான்." காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபைச் சொல்லுங்கள். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு மாநிலத்துக்காரர், தாய்மொழி வேறு. ஆனாலும் தங்களுக்காகப் பேசுவார் என்று நம்பி அனுப்பினார்கள்.

"அப்துல் கலாம் எம்.பி.யா?" இராமேஸ்வரத்துப் பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். இல்லை. 2002 முதல் 2007 வரை அவர் குடியரசுத் தலைவர். அந்தப் பதவிக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வாக்களிக்கிறார்கள்.

"எம்.பி.க்குச் சம்பளம் உண்டா?" உண்டு, நம் வரியிலிருந்து. கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் விலைக்குள்ளும் வரி இருக்கிறது என்று பில்லைக் காட்டுங்கள். அவர் நமக்கு தர்மம் செய்பவர் அல்ல, நமக்காக வேலை செய்பவர் என்பதை அந்த பில்லே சொல்லிக் கொடுத்துவிடும்.

"நான் ஆகலாமா?" ஆகலாம். 18 வயதில் ஓட்டுப் போடலாம். 25 வயதில் மக்களவைத் தேர்தலில் நிற்கலாம், 30 வயதில் மாநிலங்களவைக்குப் போகலாம். பெண்பிள்ளை கேட்டால் இதே பதிலை இன்னும் அழுத்தமாகச் சொல்லுங்கள். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. அகபாவில் அந்த இரவில் பெண்களும் வந்து நின்றார்கள் என்பதையும் நினைவூட்டுங்கள்.

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, பிள்ளை முன்னால் எந்தத் தலைவரையும் ஏசாதீர்கள். அவர் செய்த வேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆளைக் கேவலமாகப் பேசினால், பிள்ளைக்குப் பாடம் மறந்து ஏச்சு மட்டுமே நினைவிருக்கும். இந்தப் பாடத்தில் கட்சிப் பிரச்சாரத்துக்கும் இடமில்லை. எந்தக் கட்சி என்பதை அவர்கள் வளர்ந்து தாமே முடிவு செய்துகொள்வார்கள்.

இரண்டாவது, ஓட்டுக்குப் பணம். தேர்தல் நேரத்தில் கவர் வீட்டுக்குள் வருவதைப் பிள்ளை பார்க்கிறது. அமானிதம் என்று நாம் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததை அந்த ஒரு கவர் அழித்துவிடும். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப் பட்டுவாடாப் புகாரால் ரத்து செய்து, ஆகஸ்ட் 5இல் தனியாக நடத்த வேண்டி வந்தது. அந்த மக்கள் இரண்டு மாதத்துக்கு மேல் எம்.பி. இல்லாமல் காத்திருந்தார்கள். வாங்கினவருக்குக் கேள்வி கேட்கும் வாய் அடைத்துப்போகும். மறுமையில் பதில் சொல்லும் கடமையோ அப்படியே இருக்கும்.

மூன்றாவது, வாக்காளர் பட்டியலில் வீட்டார் அனைவரின் பெயரும் இருக்கிறதா, எழுத்துப் பிழை உண்டா என்று பிள்ளையையே வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். அரபிப் பெயர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். திருத்த வேண்டியதை, தேர்தல் நெருங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மக்தப் மதரஸாக்களுக்கு

உஸ்தாத்மார்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள். அகபாவின் 12 நகீபுகளைச் சொல்லித் தொடங்கி, மூன்று தட்டு விளையாட்டோடு முடிக்கலாம். சீட்டுகளை நாங்கள் அச்சிட்டுத் தருகிறோம், அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

மூத்த பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு கடிதம் நம் எம்.பி.க்கு எழுதட்டும். தன் பெயர், வகுப்பு, ஊர். ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் மத்திய அரசின் தட்டில் உள்ளது. அது ஏன் தேவை என்று இரண்டு வரி. கெஞ்சல் வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம், மரியாதை இருக்கட்டும். பெரியவர் எழுதிக் கொடுத்துப் பிள்ளை பார்த்து எழுதுவது கூடாது. பதில் வந்தால் மதரஸாச் சுவரில் ஒட்டுங்கள். வராவிட்டால் இரண்டு மாதம் கழித்து, பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இன்னொன்று எழுதச் சொல்லுங்கள். சலிக்காமல் திரும்பக் கேட்பதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதான்.

இந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தங்களுக்கு உரியதைத் தாங்களே உரிய இடத்தில் கேட்டுப் பெறும் நாளில், அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் குறையும். அப்போது நம் ஜகாத்தும் ஸதகாவும் உண்மையிலேயே வேறு வழியற்ற ஏழைக்கு முழுமையாகப் போய்ச் சேரும். நம் பிள்ளைகளை அமானிதம் பேணுபவர்களாகவும், உரிமையை அறிந்தவர்களாகவும், இந்த நாட்டு மக்கள் அனைவருக்கும் பயன்தருபவர்களாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்